ஒளி புகுந்த கண்ணாடி. எழுத்துப் புகாத பட்டறை

உடைந்த வளையல் துண்டு ஒன்று. அதற்கு என்ன விலை? யாரும் விலை பேசமாட்டார். கூட்டிக் குப்பையிலே தள்ளுவர். காலிலே குத்திவிட்டால் கடிந்து பேசுவர். அவ்வளவுதான் அதற்குக் கிடைக்கும் மரியாதை!

அந்தத் துண்டை வைத்துக்கொண்டுதான் நாம் ஒரு நாள் பாடம் நடத்தினோம். ஜலகண்டாபுரத்திலே, தறியொலி கேட்கும் தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு. மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாகக் கட்டி, அடியிலே வளையல் துண்டுகளைப் போட்டு, கலைடாஸ்கோப் செய்யக் கற்றுக்கொடுத்தோம். டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1817ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கருவி அது. பிள்ளைகள் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தனர், உருட்டினர், வியந்தனர். குப்பையிலே கிடந்த துண்டு கோலமாயிற்று, மலராயிற்று, மாளிகையாயிற்று!

நெசவாளி வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்தான். "ஐயா, நூலுக்கு ஏற்றிய சிவப்பு துவைக்கத் துவைக்க வெளுத்துப் போகிறதே! இந்த வளையலின் சிவப்பு மட்டும் ஏன் வெளுப்பதில்லை?" என்று கேட்டான்.

கேள்வி சிறிது, அதற்கு விடை தேடிப் புறப்பட்டால் ஆயிரம் ஆண்டு வரலாறு எதிரே வந்து நிற்கிறது. நூலிலே சாயம் பிறகு வந்து ஒட்டிய விருந்தாளி. கண்ணாடியிலே நிறம் பிறவியிலேயே கலந்த உறவு. உலையிலே மணலும் உப்பும் உருகிக் குழம்பாகும்போதே உலோகம் கரைந்து நிறமாகிவிடுகிறது. கண்ணாடி உள்ளளவும் நிறம் உண்டு. இதைச் சொன்னதும் பையன் அமர்ந்துவிட்டான். நமக்குத்தான் அமர முடியவில்லை. இந்தக் கலையை யார் கண்டார், யார் காத்தார், யார் இழந்தார், இழந்ததை மீட்டவர் யார் என்று நூல்களைப் புரட்டலானோம். கண்டதை வாசகர் முன் வைக்கிறோம்.

சாளரத்தில் எழுதிய ஓவியம்

ஐரோப்பாவின் இடைக்காலக் கோயில்களைப் படத்திலே பார்த்திருப்பீர்கள். விண்ணை முட்டும் கற்சுவர். அந்தச் சுவரைப் பிளந்து நிற்கும் நெடிய சாளரங்கள். சாளரம் முழுதும் நீலமும் சிவப்பும் பச்சையும் பொன்னுமாகக் கண்ணாடி ஓவியங்கள். பகலவன் எழுந்தால் ஓவியம் எழும். மேகம் மூடினால் ஓவியம் வாடும். சுவரில் எழுதிய ஓவியத்தைக் காண விளக்குப் பிடிக்க வேண்டும். இந்த ஓவியமோ தானே விளக்கு!

செருமனியின் ஆக்சுபர்க் நகரக் கோயிலில் உள்ள தீர்க்கதரிசிகளின் உருவங்கள், இன்றும் நிலைத்துள்ள மிகப் பழைய சாளர ஓவியங்களுள் வைத்து எண்ணப்படுபவை. 1144ஆம் ஆண்டு பாரிசை அடுத்த சென்-தெனி கோயிலின் புதிய பகுதியைத் திறந்த மடத்தலைவர் சூழே, ஒளியையே அணியாகக் கொண்ட கட்டடக் கலைக்கு வழி வகுத்தார். பின்னர் சார்த்ர் நகரிலே 12, 13ஆம் நூற்றாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட சாளரங்கள் எழுந்தன.

அந்தச் சார்த்ர் சாளரங்களிலே நம்மைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. மேலே புனிதர்கள், மன்னர்கள். அடியிலே? அப்பம் சுடுபவர், செருப்புத் தைப்பவர், மரம் இழைப்பவர், கல் செதுக்குபவர், மென்மயிர்த் தோல் விற்பவர்! தம் கருவிகளோடு, தம் வேலையைச் செய்தபடியே நிற்கின்றனர். கோயிலுக்கு உழைத்தவன் கோயிலுக்கு உள்ளே, கண்ணாடிக்குள்ளே, கதிரவன் ஒளியிலே நிற்கிறான். எண்ணூறு ஆண்டு கழிந்த பின்னும் அவன் கையிலே உளி இருக்கிறது. எதிரே செதுக்கிய கல் இருக்கிறது. உழைப்பவனுக்கு ஓவியத்திலாவது இடம் கொடுத்த ஊர் அது.

எப்படிச் செய்தனர்? நல்வினையாக அதை ஒருவர் எழுதி வைத்தார். தியோஃபிலஸ் என்று தம்மை அழைத்துக்கொண்ட துறவி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானிய நாட்டில் வாழ்ந்தவர். தம் கையாலும் தொழில் செய்தவர் எனக் கருதப்படுபவர். பல்வேறு கலைகளைப் பற்றி இலத்தீனில் அவர் எழுதிய நூல் மூன்று பகுதி உடையது. முதற்பகுதி வண்ணம், இரண்டாம் பகுதி கண்ணாடி, மூன்றாம் பகுதி உலோகம். கொடையாய்ப் பெற்ற அறிவைக் கொடையாகவே வழங்க வேண்டும், மறைத்து வைத்தல் தகாது என்பது அவர் தம் முன்னுரையில் வற்புறுத்தும் கருத்து.

அவர் சொல்லும் முறை இது. பீச் மரத்தை எரித்த சாம்பல் இரண்டு பங்கு. தூய மணல் ஒரு பங்கு. கலந்து வறுத்து, மண் குகையிலே இட்டு உலையிலே உருக்குவர். உருகியதை ஊதுகுழலில் எடுத்து ஊதி, உருளையாக்கி, பிளந்து விரித்துத் தகடாக்குவர். பின், வெள்ளை பூசிய பலகையிலே சாளரத்தின் முழு உருவையும் அதே அளவிலே வரைவர். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று குறிப்பர். கண்ணாடித் தகட்டை அந்த வரைவின்மேல் வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடிழுப்பர். கண்ணாடி வெடித்துப் பிரியும். ஓரத்தை இரும்புக் கருவியால் கொத்திக் கொத்திச் சீர் செய்வர்.

முகத்தின் கோடு, ஆடையின் மடிப்பு ஆகியவற்றைத் தீட்ட ஒரு கறுப்பு வண்ணம் உண்டு. செம்பைச் சுட்டெடுத்த பொடி, பச்சைக் கண்ணாடிப் பொடி, நீலக் கண்ணாடிப் பொடி மூன்றையும் திராட்சை மதுவிலோ சிறுநீரிலோ குழைத்துப் பூசி, மீண்டும் உலையிலிட்டுச் சுடுவர். கோடு கண்ணாடியோடு கண்ணாடியாய் ஒட்டிவிடும். இறுதியில், இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டையிலே துண்டுகளைப் பொருத்தி, சந்துகளைப் பற்றவைத்தால் சாளரம் முடிந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டு, வெண் கண்ணாடியை மஞ்சளாக்கும் முறையும் வந்து சேர்ந்தது.

கலை மாண்ட கதை

இத்தகைய கலை எப்படி அழிந்தது? பகைவர் படையெடுத்து அழித்தனரா? ஓரளவு ஆம். இங்கிலாந்திலே சமயச் சீர்திருத்தம் என்ற பெயரால் உருவங்கள் நொறுக்கப்பட்டன. 1643, 1644ஆம் ஆண்டுகளிலே வில்லியம் டௌசிங் என்பவர் ஊர் ஊராகச் சென்று சாளரங்களை உடைத்து, எந்த ஊரில் எத்தனை உடைத்தோம் என்று நாட்குறிப்பும் எழுதினார். செய்தவன் எப்படிச் செய்தான் என்று எழுதுவோர் அருகிய நாட்டிலே, உடைத்தவன் எப்படி உடைத்தான் என்று எழுதி வைத்த கொடுமையைப் பாருங்கள்!

ஆனால் சுத்தியலைவிடப் பெரிய கேடுகள் இரண்டு. ஒன்று நாகரிக மோகம், மற்றொன்று மறைப்பு.

மோகம் என்ன செய்தது? வெண் கண்ணாடிமேல் பல நிறப் பூச்சுகளைத் தூரிகையால் தீட்டும் முறை பரவியது. கண்ணாடியே நிறமாக இருந்த காலம் போய், கண்ணாடிமேல் நிறம் குடியேறிய காலம் வந்தது. துணியில் எழுதும் ஓவியத்தைக் கண்ணாடி போலி செய்தது. ஒளி மங்கியது. நிறக் கண்ணாடி வாங்குவோர் குறைந்தனர், உலைகள் அணைந்தன. 1630களில் நடந்த போரிலே லொரேன் நாட்டுக் கண்ணாடி உலைகளும் பாழாயின. பாரிசிலே பியேர் லெ வியே என்பவர் சாளர ஓவியர் மரபிலே வந்தவர். கலையின் வரலாற்றையும் முறையையும் பெருநூலாக எழுதியவர். அந்நூல் 1774ஆம் ஆண்டு, அவர் மறைந்த பின் வெளிவந்தது. அதே மனிதர்தாம், கோயிலார் ஆணைப்படி, நோத்ர் தாம் கோயிலின் பழைய நிறச் சாளரங்களைக் கழற்றி வெண் கண்ணாடி பொருத்தியவர்! ஒரு கை வரலாற்றை எழுத, மறு கை வரலாற்றைக் கழற்றியது. ஏன்? உள்ளே வெளிச்சம் போதவில்லை என்றனராம்.

மறைப்பு என்ன செய்தது? வெனிசு நகர அரசு 1291ஆம் ஆண்டு கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றியது. தீ விபத்து அச்சம் ஒரு காரணம். தொழில் நுட்பம் வெளியே போகாமல் காப்பதற்கும் அந்தத் தீவு நன்கு பயன்பட்டது. கைவினைஞன் ஊர் விட்டுப் போனால் குற்றம். தந்தை மகனுக்குச் சொன்னால் உண்டு. மகன் இல்லையேல் கலையும் இல்லை. 1612ஆம் ஆண்டு அந்தோனியோ நேரி என்ற பிளாரன்சு நகரத்தார் கண்ணாடிக் கலை பற்றி நூல் அச்சிட்ட பிறகுதான் இந்தக் கோட்டைச் சுவரிலே விரிசல் விழுந்தது. 1662இல் ஆங்கிலத்திலும் 1679இல் செருமானியத்திலும் அது வந்தது. அறிவு ஒரு முறை அச்சேறிவிட்டால், எந்தத் தீவிலும் அதைச் சிறை வைக்க இயலாது.

மீட்ட கதை

19ஆம் நூற்றாண்டிலே பழைய கோயில்களைப் பழுதுபார்க்கப் புகுந்தவர்கள் திகைத்தனர். உடைந்த நீலத்துக்கு மாற்று நீலம் வேண்டும். பட்டறைகளோ மெல்லிய, வழுவழுப்பான, குற்றமற்ற கண்ணாடியைத் தந்தன. பொருத்திப் பார்த்தால் பழையது ஒளிர்ந்தது, புதியது பல்லிளித்தது. குற்றமற்ற கண்ணாடி ஏன் தோற்றது?

இந்த வினாவை விடாமல் பற்றியவர் சார்லசு வின்சுடன். கண்ணாடித் தொழிலாளி அல்லர், வழக்கறிஞர். ஓய்வு நாள்களில் ஊர் ஊராகச் சென்று சாளரங்களை வரைந்து படி எடுத்தார். 1847ஆம் ஆண்டு, பழஞ்சாளரங்களின் பாணி வேறுபாடுகளை ஆராய்ந்த நூலை வெளியிட்டார். அதே 1847ஆம் ஆண்டுதான் தியோஃபிலசின் நூல் முழுதும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஏழு நூற்றாண்டு ஏட்டிலே உறங்கிய துறவி எழுந்து பேசினார்!

வின்சுடன் அதோடு அமையவில்லை. பழைய கண்ணாடித் துண்டுகளை வேதியியல் அறிஞரிடம் கொடுத்து, எதனால் ஆனவை என்று பகுத்தறியச் செய்தார். அந்த முடிவைக் கொண்டு இலண்டன் வைட்பிரையர்சு பட்டறையினர் 1850களிலே பழைய நிறங்களை மீண்டும் உருக்கினர். தெரிந்த உண்மை என்ன? பழைய கண்ணாடியின் அழகு அதன் குறையிலே இருந்தது. ஒரே தகட்டிலே ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு. உள்ளே சிறு குமிழிகள். மணலோடு வந்த இரும்பின் சாயல். ஒளி அங்கங்கே தடைப்பட்டு, தங்கி, சிதறி வந்தது. அந்தத் தயக்கமே அழகாயிற்று. குறையை நீக்கிய இயந்திரம் உயிரையும் சேர்த்து நீக்கிவிட்டது.

பிரான்சிலே கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-தியூக், நீலமும் சிவப்பும் ஒன்றை ஒன்று எப்படி விழுங்கும், எப்படித் தாங்கும் என்று ஆராய்ந்து 1868இல் எழுதினார். இங்கிலாந்திலே 1861இல் வில்லியம் மாரிசு தம் நண்பர்களோடு பட்டறை தொடங்கினார். பர்ன்-ஜோன்சு உருவங்களை வரைந்து தந்தார். 1905இல் கிறிசுடபர் வால் என்பவர், மாணவனுக்கு எடுத்துச் சொல்லும் முறையிலேயே தொழிலை நூலாக்கினார். வரைபவன் ஒருவன், வெட்டுபவன் ஒருவன், பூசுபவன் ஒருவன் என்று பிரிந்து போன தொழிலை ஒரே கை மீண்டும் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

மீட்பு வேலையிலே தவறும் நேர்ந்தது. அழுக்கைத் துடைக்கிறோம் என்று பழைய கோடுகளையே துடைத்தவர் உண்டு. சாம்பலிலிருந்து செய்த கண்ணாடி ஈரத்தைத் தாங்காமல் அரித்துப்போவது என்பதை அறியாமல் கையாண்டவர் உண்டு. 1939இல் போர் வந்தபோது சார்த்ர் சாளரங்களைக் கழற்றிப் பாதுகாத்தனர். 1952இல் நாடுகள் பல கூடி, இடைக்காலச் சாளரங்கள் அனைத்தையும் பட்டியலிட்டு ஆராய ஓர் அமைப்பைத் தொடங்கின. யார்க் நகரக் கோயிலின் பெருஞ்சாளரம் 1405ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜான் தார்ன்டன் என்ற கைவினைஞர் 1408இல் முடித்தது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் பொருத்தும் பணி 2018இல் நிறைவுற்றது. அரிப்புக் குறைய, வெளியே காப்புக் கண்ணாடியும் அமைத்தனர். கட்டுவதற்கு மூன்று ஆண்டு; காப்பதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு! ஒப்பந்த ஏடு இருந்ததால் தார்ன்டன் பெயர் நிலைத்தது. ஏடு இல்லையேல் அவரும் பெயரற்ற கைகளுள் ஒரு கைதான்.

இடையிலே ஒரு கட்டுக்கதையையும் ஆய்வு தகர்த்தது. கண்ணாடி மெல்ல மெல்ல வழிந்து ஓடும். அதனால்தான் பழைய சாளரத் தகடுகள் அடியிலே தடித்துள்ளன என்று படித்தவரும் சொல்லி வந்தனர். பொய்! ஊதிச் செய்த தகடு பிறக்கும்போதே ஒருபுறம் தடித்தது. எண்ணூறு ஆண்டில் கண்ணாடி கண் காண வழிவதில்லை. மூடநம்பிக்கை கோயிலுக்குள் மட்டும் வாழ்வதில்லை. விஞ்ஞானப் பெயரைச் சூட்டிக்கொண்டு வகுப்பறையிலும் வாழும்!

நம் மண்ணின் நிறம்

இத்தனையும் எங்கோ வெள்ளையர் நாட்டுச் செய்தி என்று எண்ணாதீர்கள். நம் நாட்டுக்கு வந்த சாளரங்கள் பெரும்பாலும் கப்பலேறி வந்தவையே. கல்கத்தா புனித பவுல் கோயிலின் மேற்குச் சாளரம், மேயோ பிரபுவின் நினைவாக 1880இல் பர்ன்-ஜோன்சு வரைந்தது. ஆனால் கண்ணாடிக்கு நிறம் ஏற்றும் கலை கப்பலில் வந்ததன்று. அது கப்பலேறிப் போனது!

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, ரோமானிய மட்கலம் கிடைத்தது, உலகம் வியந்தது. பின்னர்க் கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் அகழ்ந்தனர். ரோமானியச் சட்டியைப் பற்றிப் பேசியவர் பலர். அதே மண்ணிலே கொட்டிக் கிடந்த கண்ணாடி மணியைப் பற்றிப் பேசியவர் சிலர். கடுகளவு, மிளகளவு மணிகள். செங்கல் சிவப்பு, கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள். அவற்றோடு, அறுபடாத குழல்களும் உருகிய கழிவும். அதாவது, வாங்கி அணிந்த ஊர் மட்டும் அன்று. உருக்கிச் செய்த ஊர். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்!

பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இவ்வகை மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். காரணம், அவை கிடைத்த நிலப்பரப்பு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்தன. தாய்லாந்து, வியட்நாம், கொரியா, சப்பான் வரை கிடைத்தன. மணி மட்டும் போகவில்லை, முறையும் போனது. ஈழத்து மாந்தையிலும், தாய்லாந்தின் குலோங் தோமிலும், வியட்நாமின் ஓக் ஏயோவிலும் இதே முறையில் மணி செய்தனர் என்பது பிரான்சிஸ் கண்ட முடிவு. கடலூரை அடுத்த காரைக்காட்டிலும், பரங்கிப்பேட்டைக்கு அருகே மணிக்கொல்லை என்று பெயரிலேயே தொழிலைத் தாங்கி நிற்கும் ஊரிலும் சுவடுகள் உண்டு. நம் கொங்கு நாட்டுக் கொடுமணலிலும், பழனியை அடுத்த பொருந்தலிலும், வைகைக் கரைக் கீழடியிலும் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன.

இந்தக் கண்ணாடியைப் பகுத்துப் பார்த்தவர்கள், பல மணிகளிலே அலுமினா மிகுந்திருக்கக் கண்டனர். சோடா உப்புப் பூத்த உவர்மண்ணிலிருந்து உருக்கியது என்று கருதுகின்றனர். சலவைத் தொழிலாளி துணி வெளுக்கப் பயன்படுத்திய அதே உவர்மண்! பயிர் விளையாத மண் என்று உழவன் கைவிட்ட நிலத்திலிருந்து, ஒருவன் அழுக்கு நீக்கும் காரம் எடுத்தான். மற்றொருவன் ஆப்பிரிக்கப் பெண்ணின் கழுத்துக்கு அணி எடுத்தான்.

நிறம் எப்படி? இதோ, நம் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை. செம்பு என்ற ஒரே உலோகம். உலையிலே காற்று மிகுந்தால் அது பச்சையும் நீலமுமாய் நிற்கும். காற்றைக் குறைத்துப் புகை சூழ வைத்தால் அதே செம்பு செம்மையாக மாறும். சார்த்ர் சாளரத்தின் மாணிக்கச் சிவப்புக்கும் செம்பே காரணம். அரிக்கமேட்டு மணியின் செங்கல் சிவப்புக்கும் செம்பே காரணம். பீச் மரச் சாம்பல் எடுத்தவனும் உவர்மண் எடுத்தவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆயினும் தீயிடமிருந்து இருவரும் ஒரே பாடத்தைக் கற்றனர். இன்று பெரோசாபாத்திலிருந்து வரும் வளையலின் சிவப்புக்குச் செலினியம் போன்ற வேறு பொருள்களும் உதவுகின்றன. செம்புச் சிவப்பை உலையிலே பிடிப்பதோ இன்றும் கைத்திறம் கேட்கும் வேலை.

உலை அணையாத ஓர் ஊர்

அரிக்கமேட்டு உலை அணைந்தது. முறை முழுதும் மாண்டதா? இல்லை. ஆந்திரத்திலே, இன்றைய திருப்பதி மாவட்டத்திலே, பாப்பாநாயுடுபேட்டை என்ற சிற்றூர். 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஆய்வாளர்கள் அங்கே சென்றபோது, அதே குழல் இழுக்கும் முறை உயிரோடு இருக்கக் கண்டனர்.

உருகிய கண்ணாடியைப் பெரிய கூம்பாகத் திரட்டி, லாடா என்னும் நீண்ட இரும்புக் குழாயின் முனையிலே ஏற்றுவர். குழாயின் உள்ளே கம்பியைச் செலுத்தி, கூம்பின் நடுவே துளை ஏற்படுத்துவர். உலையின் ஒருபுறம் லாடா. எதிர்ப்புறம் தலைமைத் தொழிலாளி. அவர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பற்றி இழுக்கிறார். உள்ளே துளையுள்ள மெல்லிய குழலாகக் கண்ணாடி நீண்டு வருகிறது. கை மாற்றிக் கை மாற்றி, நிறுத்தாமல், மணிக்கணக்கில் இழுக்கிறார். வேகம் கூடினால் குழல் மெலியும், குறைந்தால் தடிக்கும். அளவுகோல் ஏது? கைதான் அளவுகோல். பிறகு குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு கலந்து சூடேற்றினால் கூரிய ஓரம் மழுங்கி உருண்டையாகும். சாம்பலைச் சலித்துக் கோத்தால் மணிமாலை.

நிலத்துக்கு அடியிலே கிடைத்த குழல் துண்டு எதற்கு என்று அறிஞருக்கு விளக்கம் தந்தது ஏடன்று. இந்த உலைக்களத்துத் தொழிலாளியின் கை. காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் அலோக் குமார் கனுங்கோ, இவ்வூர்த் தொழிலை விரிவாகப் பதிவு செய்து 2016இல் நூலாக்கினார்.

ஐரோப்பாவின் கதையையும் நம் கதையையும் இப்போது அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே எழுத்து இருந்தது, கை மறந்தது. எழுத்தைக் கொண்டு கையைப் பழக்கி மீட்டனர். இங்கே கை இருந்தது, எழுத்து இல்லை. கை உள்ளவரை கலை உண்டு. கை ஓய்ந்தால் எதைக் கொண்டு மீட்பது?

ஏன் எழுதவில்லை? தொழில் செய்தவனுக்கு எழுத்து எட்டவில்லை. எழுத்து எட்டியவனுக்குத் தொழில் இழிவாகத் தோன்றியது. ஏடு எழுதியவன் எத்தனையோ எழுதினான். உலைக்களத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. 1800ஆம் ஆண்டு மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த கும்பினி மருத்துவர் புக்கானன், மத்தோடு என்ற ஊரில் வளையலுக்குக் கண்ணாடி உருக்கும் முறையை எழுதினார். 1807இல் அது நூலில் வந்தது. அயலான் எழுதினான், அவன் நோக்கம் வாணிபமாகவும் இருக்கட்டும். நம்மவன் எழுதவில்லையே! கையையும் கருத்தையும் இரு சாதியாக்கி, கலந்தால் தீட்டு என்று வைத்த சமுதாயம், தன் அறிவுக்குத் தானே கொள்ளி வைத்தது.

பெருமை போதாது

அரிக்கமேட்டு மணி கொரியா வரை போயிற்று என்று மேடையிலே முழங்கினால் கையொலி கிடைக்கும். உலை எரியுமா? பழம்பெருமை பசிக்குச் சோறாகாது, பாடத்துக்கும் நூலாகாது. வின்சுடன் தம் நாட்டுப் பழைய சாளரத்தைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. துண்டை எடுத்தார், எதனால் ஆனது என்று கேட்டார், உருக்கச் செய்தார். போற்றியவர் ஆயிரம் பேர் இருந்தும், மீட்டவர் கேட்டவரே.

இதைச் சொல்லும் உரிமை நமக்கு முழுதும் உண்டா? இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நம் மாணவன் ஒருவனின் பாட்டனார் முதிய நெசவாளர். விடியற்காலையில் தெருவிலே பாவை நீட்டி, கஞ்சி போட்டு, காய்வதற்குள் வாரிவிடும் வேலையிலே கைதேர்ந்தவர் என்று தெருவே சொன்னது. கஞ்சி எந்தப் பதம் என்று ஒருமுறை கேட்டோம். "விரல் சொல்லும் தம்பி! மழைக்காலத்துக்கு ஒரு பதம், காற்றுக்காலத்துக்கு ஒரு பதம். ஒரு நாள் விடியலில் வாங்க, காட்டித் தருகிறேன்" என்றார். போகலாம் என்றோம். தேர்வு வந்தது, விடைத்தாள் வந்தது, விடுமுறை வந்தது. பள்ளி திறந்தபோது அந்தப் பிள்ளை மொட்டைத் தலையோடு வந்து நின்றான். அந்த விரல் சொன்னதை இனி யார் சொல்வார்? தியோஃபிலசு இல்லையே என்று நாட்டைக் குறை கூறிய நாம், நான்கு தெரு தள்ளி இருந்த வீட்டுக்கு ஒரு விடியற்காலையில் நடந்து போகவில்லை!

அன்றுதான் வகுப்பிலே ஒரு வேலை தொடங்கினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. தன் வீட்டில், தன் தெருவில் தொழில் செய்யும் முதியவர் ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டும். பாவு, ஊடை, அச்சு, விழுது, தார், நாடா. எது எதற்கு, எப்படி, எவ்வளவு, ஏன் அப்படி? தவறினால் என்ன ஆகும்? சொன்னவர் பெயர் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். விசைத்தறி ஓட்டுபவரும் ஆசிரியரே. மண் பிசைபவரும், இரும்பு அடிப்பவரும் ஆசிரியரே. பெண்களின் வேலையை விட்டுவிட்டு வந்த நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தோம். நூல் சுற்றும் தாயின் கை இல்லாமல் எந்தத் தறி ஓடியது?

நோட்டுகளிலே எழுத்துப் பிழை ஏராளம். ஒரு பிள்ளை ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவந்து, "எங்கப்பா இவ்வளவு படித்தவர் என்று எனக்குத் தெரியாது ஐயா" என்றான். அவன் தந்தை பள்ளி வாயிலை மிதித்ததில்லை! தந்தையின் தொழிலைச் சொல்ல நாணிய பிள்ளை, தந்தையைப் படித்தவர் என்கிறான். அந்த ஒரு வாக்கியம் போதும், நம் உழைப்புக்கு.

இதனால் பிள்ளைகள் எல்லோரும் தறியிலேயே உட்கார வேண்டும் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. தந்தை தொழிலைப் பிள்ளை தலையிலே கட்டும் பழைய விலங்கை மீண்டும் பூட்டுவது மீட்பு ஆகாது. அவன் மருத்துவனாகட்டும், பொறியாளனாகட்டும், வேதியியல் கற்றுச் செம்பின் செம்மையை ஆராயட்டும். கலை பிறவியால் வருவது என்றால் அது கட்டு. கல்வியால் வருவது என்றால் அது உரிமை. எழுதப்பட்ட கலையை எவனும் கற்கலாம். எந்த வீட்டுப் பிள்ளையும் உலை மூட்டலாம், எந்த வீட்டுப் பெண்ணும் சாளரம் தீட்டலாம். இலண்டன் வழக்கறிஞர் கண்ணாடியை மீட்டது பிறப்பாலா?

சார்த்ர் சாளரத்தின் அடியிலே அப்பம் சுடுபவன் நிற்கிறான். கல் செதுக்குபவன் நிற்கிறான். நம் கோபுரங்களைச் செதுக்கியவன், நம் மணிகளை உருக்கியவன், நம் சேலைகளை நெய்தவன் எங்கே நிற்கிறான்? அவனுக்குக் கண்ணாடிச் சாளரம் எழுப்ப நம்மிடம் பொருள் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கப் பொருள் உண்டு. வாசகரே, உம் தெருவிலும் ஒரு முதியவர் இருப்பார். விடியற்காலையில் எழுந்து நடந்து போங்கள். நாம் போகத் தவறியதுபோல் நீங்களும் தவறிவிடாதீர்கள்.